காதும் வாயுமாக ரெண்டு போன்

ஹலோ... ஹலோ, யாரு?... ரசீத் அண்ணாச்சியா? ஆட்டோ கொண்டு வாரேன்னு சொல்லிட்டு இப்பத்தான் போன் போடுதீயளா? அம்மாவுக்கு கண்ணாஸ்பத்திரியில டோக்கன் போட்டு... ஹலோ? யாரு பேசுதது? கொஞ்சம் சத்தமாப் பேசுங்க...

யாரு?... ஏட்டி... ஸ்வீட்டா? ஸ்வீட்லினா?... ஆமாட்டி, அக்காதான். ஹெப்சிபா அக்காதான் பேசுதேன். ஆமா, ஆமா. எங்கட்டி போன இத்தன நாளா? போட்டுப் போட்டுப் பாக்கேன், அணைச்சு வச்சிருக்குன்னே வருது... இது யாரு நம்பரு?... சரி, சரி. கேக்குது. பைய பேசு, கேக்குது.

அம்மா! அம்மா, வெங்காயத்தக் கீழ போட்டுட்டு வா. ஸ்வீட்டு பேசுதா... ஆமா, உயிரோடத்தான் இருக்கா. இரு, தாரேன். நான் மொதல்ல கேட்டுக்கிடுதேன்.

சொல்லு ஸ்வீட்டு... நீ அழுதா எனக்கு ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது. மூக்கச் சிந்திட்டுச் சொல்லு. எங்கன இருக்க இப்ப?... வேல பாக்குத அதே வீட்டுலயா? பெய்ரூட்லயேவா? ஊரே மெத்தையும் பாயுமா கார் மேல கட்டிட்டு ஓடுதுன்னு டிவியில காட்டுதான், நீ இன்னும் அங்கன என்ன பண்ணுத? மேடம் எங்க?... போயிட்டாவளா? பிள்ளையளயும் கூட்டிக்கிட்டா?... மலைப் பக்கமா. சரி. ஒன்ன ஏன் கூட்டிட்டுப் போவல?

என்னது?... வெளியில பூட்டிட்டா? ஒன்ன உள்ள வச்சா?... ஏட்டி, ஆட்டக் கூட பூட்டும் போது அவுத்து விட்டுட்டுல்லா பூட்டுவாவ...

பொறு, பொறு. தனியாவா இருக்க?... யாரு, ஜமீலா பெரியம்மாவா? மேடத்தோட அம்மாவா? அவுக படுத்த படுக்கையால்லா கெடக்காவ. பெத்த தாயவா விட்டுட்டுப் போயிட்டா?... கார்ல எடம் இல்ல, தூக்குததுக்கு ஆளு அனுப்புதேன்னாளா. ம்... பொறவு ஒருத்தரும் வரலயா. ம்.

இந்தப் போனு பெரியம்மாவோடதா? அவியளாவா குடுத்தாவ?... "ஒங்க அம்மாட்ட பேசு"ன்னா. நல்லா இருக்கட்டும் அந்த மகராசி. அம்மா, அந்தக் கெழவி தன் போனக் குடுத்துப் பேசச் சொல்லியிருக்கா... ஆமா, ஒன்ன நெனச்சித்தான் குடுத்திருக்கா.

ஒம் போனு என்னாச்சு?... மேடம் புடுங்கிட்டாளா? எதுக்கு?... வீடியோவா? என்ன வீடியோ? ஏட்டி, சண்ட நடக்குத ஊருல வீடியோ கீடியோ எடுக்காதன்னு எத்தன தடவ படிச்சுப் படிச்சுச் சொன்னேன்... நீ எடுக்கலயா? பொறவு யாரு எடுத்தா?... எந்தக் கோயிலு?... நம்ம கோயிலா? பாளையங்கோட்டையில எடுத்த வீடியோ பெய்ரூட்டுக்கு எப்படிட்டி...

மேல் மாடியில வேல பாக்குத சிலோன்காரப் பிள்ளை. ஆமா, சொல்லியிருக்க. தமிழ்ப் பிள்ளை. அவ யூடியூப்ல நம்ம ஆராதனை பாக்குதாளா?... ஒம் போட்டோ வந்திருக்குன்னு சந்தோசத்துல ஓடி வந்து காட்டுனாளா. சரி. காட்டும்போது மேடம் பக்கத்துல... ம். ம்... ஏ ஆண்டவரே. இரு. ஒரு நிமிசம் இரு ஸ்வீட்டு.

அம்மா. ஞாயித்துக்கிழம கோயில்ல ஜெப விண்ணப்பம் எழுதிக் குடுத்தியே, அதுல என்னல்லாம் எழுதுன?... ரெண்டு பிள்ளையளுக்காவவும் ஜெபிக்கணும்னு. சரி. வேற?... அட்ரஸா? அட்ரஸ் எதுக்கும்மா?... ஆண்டவருக்குத் தெளிவா சொல்லணுமா! எந்தத் தெரு, எத்தனாவது மாடின்னு சொல்லாட்டி அவருக்குத் தெரியாதா? அவரு என்ன தபால்காரரா?... நீ வீட்டுல முழங்கால் போட்டு, "பெட்ரோல் பங்குக்கு எதுத்தாப்புல, பச்சை கேட்டு, மூணாவது மாடி"ன்னு அவருக்கு வழி சொல்லுவ, அது நமக்குள்ள. கோயில்ல அத மைக்குல வாசிச்சாவளா?... போட்டோவும் நீதான் குடுத்தியா? ரெண்டு பேரு போட்டோவும்?... அழாத. ஒன்ன ஏசல. கேக்கத்தான் செஞ்சேன்.

ஸ்வீட்டு, இருக்கியா? ஆமா, அம்மாதான் எழுதிக் குடுத்திருக்கா. ஒரு மவ லெபனான்ல, ஒரு மவ இஸ்ரேல்ல, ரெண்டு பேரயும் ஆண்டவர் காக்கணும்னுதான் எழுதியிருக்கா. அதுல என்ன குத்தம்... கொடியா? எந்தக் கொடி?... ஒம் போட்டோவுக்குப் பின்னாலயா?

... ம்.

ம். புரியுது. வாசிச்சவரு அதயுஞ் சொன்னாரா... இஸ்ரவேலுக்கு ஜெயத்தக் குடும், அதோட சத்துருக்கள நிர்மூலமாக்கும்னு... ஒம் போட்டோவப் போட்டு, பின்னால இஸ்ரேல் கொடியப் பறக்க விட்டு, கீழ ஒன் பெய்ரூட் அட்ரஸயும் பியூலா இருக்குத ஹைஃபாவயும் இங்கிலீசுல எழுதி...

அவனுவளுக்கு என்னட்டி தெரியும்? இஸ்ரவேல்னா வேதத்துல வருததுன்னு நெனச்சிட்டு கொடியத் தூக்கிட்டு நிக்கானுவ. அந்தச் சத்துரு வீட்டு அடுக்களையில நம்ம பிள்ளை பாத்திரம் வெளக்கிட்டு நிக்கான்னு ஒருத்தனுக்காவது தோணுச்சா? நான் அன்னைக்கின்னு பாத்து கோயிலுக்குப் போவல. பரீட்சைப் பேப்பரு திருத்திட்டு வீட்டுல கெடந்தேன். போயிருந்தா மைக்கப் புடுங்கியிருப்பேன்.

ஒரு அக்கா ஹைஃபாவுல இருக்கான்னு நீயும் அந்த வீட்டுல மூச்சு விட்டதில்ல... ஆமா, நாந்தான் சொல்லாதன்னு சொன்னேன். இப்ப மறச்சதுதான் பெரிய குத்தமாப் போச்சு... நீ இஸ்ரேலுக்கு ஒளவு சொல்லுதன்னாவளா? யாரு சொன்னா, மேடம் புருசனா? கொத்தமல்லி எது, புதினா எதுன்னு கடையில கேக்கத் தெரியாம முழிச்சவ நீ. நீ ஒளவு சொல்லுதியா!... சிரிக்கியா, அழுதியா? எனக்குத் தெரியலட்டி.

வழியில நிறுத்தி ஒன்ன விசாரிச்சா அவியளுக்கும் ஆபத்துன்னு விட்டுட்டுப் போயிருக்காவ. சரி. பயம். பயத்துக்கு என்ன செய்ய முடியும். ஆனா பூட்டிட்டாட்டி போவா ஒரு பொம்பள? இல்ல, அதத்தான் கேக்கேன்.

இந்தா கேளு. நான் தூதரகத்துக்குப் போன் போட்டு ஒம் பேரு, பாஸ்போர்ட் விவரம் எல்லாம் சொல்லியாச்சு. கலெக்டர் ஆபீஸ்லயும் மனு குடுத்தாச்சு... வெளிய வந்து ஒரு எடத்துல சேரணுமாம். அங்கருந்து பஸ்ல ஏத்திக்கிடுவாவளாம்... ஆமா. வெளிய வந்தாத்தானே. தெரியுது. எனக்குத் தெரியாதா?

பால்கனியில நின்னு சத்தம் போட்டுப் பாத்தியா?... ஒரு ஈ காக்கா இல்லயா? பூனை மட்டுந்தானா... வாட்ச்மேன்?... அவனும் போயிட்டானா. மேல் மாடி சிலோன் பிள்ளை?... அவளயும் கூட்டிட்டுப் போயிட்டாவளா.

பொறு, அம்மா போனு அடிக்குது. பியூலாவாத்தான் இருக்கும். அம்மா, அத இங்க குடு. ஸ்வீட்டு, வச்சிராத, என்ன ஆனாலும் வச்சிராத.

பியூலா, சொல்லு. ஏட்டி, ஸ்வீட்டு இந்தா இன்னொரு கையில இருக்கா! ஆமா, பேசிட்டா, உயிரோட இருக்கா. எல்லாம் பொறவு சொல்லுதேன். நீ எங்க, அந்த குண்டு விழாத ரூமுக்குள்ளயா? இன்னைக்கும் சைரன் அடிச்சுதா?... நீ பாத்துக்கிடுத ஒங்க கெழவிய ஒழுங்கா உக்கார வச்சியா?... சரி. என்னது, என்ன மேப்பு?

பையச் சொல்லு... ஒங்க டிவியிலயா?... பெய்ரூட்ல செவப்பு வட்டம் போட்டுக் காட்டுதானா. அங்க இருக்குதவங்க உடனே வெளியேறணும்னு... எப்ப போடுவானுவ?... "சீக்கிரம்"னா? சீக்கிரம்னா எவ்வளவுட்டி? சோறு வடிக்குத நேரமா, பேசி முடிக்குத நேரமா?... ஒனக்குத் தெரியலன்னா ஒங்க ராகேல் கெழவிட்ட கேட்டுச் சொல்லு... அவளுக்கும் தெரியாதா. யாருக்குமே தெரியாதா.

ஸ்வீட்டு, ஒங்க எதுத்தாப்புல உள்ள பெட்ரோல் பங்குக்குப் பக்கத்துல வேற என்ன இருக்கு?... மஞ்சக் கலர் ஸ்கூலு. பியூலா, பங்கு ஒண்ணும் ஸ்கூல் ஒண்ணும் பக்கத்துல பக்கத்துல இருக்கா பாரு... மேப்புல கலர் தெரியாதுன்னு எனக்கும் தெரியுது. ஸ்கூல்னு ஏதும் எழுதியிருக்கா?... இருக்கா? வட்டத்துக்கு உள்ளயா வெளியவா?

... எவ்வளவு பக்கம்? முருகன்குறிச்சிக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் உள்ள தூரமா?... அதுகூட இல்லயா.

ஒண்ணுமில்ல ஸ்வீட்டு. பியூலா ஒன்ன விசாரிச்சா... இல்ல, சும்மாதான்... சரி, மறச்சு என்ன ஆவப் போவுது. நல்லா கேட்டுக்கோ. அந்த எடத்துல குண்டு போடப் போறோம்னு சொல்லிட்டானுவளாம். ஒங்க தெருவுலயோ அடுத்த தெருவுலயோ. நீ இப்பவே வெளிய வரணும். இப்பவே... கத்தாத. நீ கத்துனா கெழவி பயந்துருவா.

கதவ ஒடைக்க முடியுமா?... இரும்பா. சுத்தியலு, கடப்பாரை, எதுவாவது... தோசைக்கல்ல வச்சு என்னத்தட்டி ஒடைப்ப...

என்ன? உள்ளருந்து தொறக்குத சாவி இருக்கா? எங்க?... பெரியம்மாட்டயா? நல்லாப் பாத்தியா?... மெத்தைக்கு அடியில. அப்ப எடுத்துத் தொறட்டி! இவ்வளவு நேரம் என்கிட்ட கத பேசிட்டு நிக்க!... ஏன் குடுக்க மாட்டா?

ஓ.

நீயும் விட்டுட்டுப் போயிருவன்னு பயப்படுதா... ஆமா. பெத்த மவளே போனதுக்குப் பொறவு வேலக்காரிய எப்படி நம்புவா. சரிதான். ஆனா ஸ்வீட்டு, அவ எலும்புந் தோலுமால்லா கெடக்கா. ஒரு பக்கமா பொரட்டிட்டு எடுத்துரு... ஏன் முடியாது? பாவ புண்ணியம் பாக்குத நேரமா இது?... அவ போனு குடுத்தா, சரி. ஒனக்குக் காய்ச்சல் வந்தப்போ அவ கஞ்சிய ஒனக்குக் குடுத்தா, சரி. அதுக்கு? எவ்வளவு செஞ்சாலும் அவ மவ செஞ்ச வேலதானே இது!... இப்பவும் ஒங் கையப் புடிச்சிட்டா இருக்கா?... சரி. சரி, புடுங்க வேண்டாம். விடு.

சொல்லிப் பாரு அவட்ட. ஒன்னயும் சேத்துத்தான் கூட்டிட்டுப் போவேன்னு சொல்லு... அவ்வளவு பாசை வரலயா. தண்ணி, மாத்திரை, சூப்பு, வா, போ... இத்தன வருசத்துல இதத்தான் படிச்சியா நீ? குவைத்துல ஒரு வருசம், அங்க இத்தன வருசம்! இங்க மேலப்பாளையத்துல யாராவது சவூதியில இருந்தவுகளப் புடிச்சா... அவுகளப் புடிச்சுக் கொண்டாருததுக்குள்ள...

யாரும்மா வாசல்ல?... ரசீத் அண்ணாச்சி, இன்னைக்கு ஆட்டோ வேண்டாம், நீங்க போங்க!... போங்கன்னா போங்க அண்ணாச்சி, பொறவு பேசுதேன்!

பியூலா, என்ன சொல்லுத?... யாருக்கு அரபு தெரியும்? ஒங்க கெழவிக்கா?... ராகேல் அம்மா டமாஸ்கஸ்லயா பொறந்தா? இத ஏன்ட்டி முன்னாடியே சொல்லல!... ஆமாம்மா, பவுல் போன தமஸ்குதான். அந்த வேதப் பாடமெல்லாம் பொறவு வச்சுக்கிடலாம், நீ செத்த சும்மா இரு.

ஆனா பியூலா, அவ ஒங்க நாட்டுல இருந்து பேசுதான்னு தெரிஞ்சா? அங்கருந்து லெபனானுக்கு நேரா போனு போவாது, போனா ரெண்டு பக்கமும் புடிச்சு உள்ள வச்சிருவானுவன்னுதானே நான் ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்து, அவ சொன்னத ஒன்கிட்டயும் நீ சொன்னத அவகிட்டயும் சொல்லிட்டுக் கெடக்கேன். ஏற்கெனவே ஒளவுகாரின்னு பேரு வாங்கிட்டா. இப்ப இஸ்ரேல்காரி கொரலு அந்த வீட்டுல கேட்டுச்சுன்னா... சரி, வேற வழியும் இல்ல. ஒங்க கெழவிட்ட கண்டிசனா சொல்லிரு. ஊரு பேரு சொல்லக்கூடாது. பாளையங்கோட்டையில இருந்து பேசுதேன்னு சொல்லட்டும். வாயில நொழையலன்னா இந்தியான்னு சொல்லட்டும்.

ஸ்வீட்டு, கெழவி காதுல போன வை. ஸ்பீக்கரும் போட்டுக்கோ. அரபுல ஒரு பாட்டி பேசுவா. இந்தப் பெரியம்மாவ நீ தூக்கிட்டுத்தான் போவன்னு அவ எடுத்துச் சொல்லுவா... யாருன்னு பொறவு சொல்லுதேன். நீ ஒண்ணும் வாயத் தொறக்காத.

அம்மா, ஃபேன நிப்பாட்டு. ஜன்னலச் சாத்து, பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் கேக்குது. இந்தப் போனத் தலகீழா வைக்கணும், அப்பத்தான் இதோட வாயி அதோட காதுக்கு வரும். ம். இப்படி. பேசாத. இருமல் வந்தா அடுக்களைக்குப் போயிரு.

பியூலா, பேசச் சொல்லு.

...

ம்.

... என்னம்மா என்னயப் பாக்க? எனக்கு மட்டும் வெளங்குதாக்கும்.

ஸ்வீட்டு, என்ன சொல்லுதா ஒங்க கெழவி?... சிரிக்காளா? என்ன சிரிப்பு?... சமையலா! சமையல் பேச்சுன்னா மட்டும் ஒனக்கு நல்லா வெளங்குது... கத்திரிக்காய்க்கு மாதுளம்பழச் சாறு ஊத்தணுமா வேண்டாமான்னா! வீடு இடியப் போவுது, இதுவ ரெண்டும் கத்திரிக்காய் பேசுதுவ! பியூலா, ஒங்க கெழவிய சாவியக் கேக்கச் சொல்லு... மெதுவாத்தான் கேக்கணுமா. எடுத்ததும் கேட்டா குடுக்க மாட்டாளா. அதுஞ் சரிதான். நம்ம அம்மாட்ட பீரோ சாவிய வாங்குத மாதிரிதான்.

... கை கடுக்குது. அம்மா, இந்த முழங்கைக்கு அடியில தலகாணி ஒண்ணு வை.

என்ன, சத்தத்தயே காணும்? ஸ்வீட்டு? கெழவி என்ன கேட்டா?... நீ எந்த ஊருன்னு கேட்டாளா. பியூலா, ராகேல் என்ன சொன்னா?... பியூலா!... ஹைஃபான்னு சொல்லிட்டாளா! பாவி மட்ட! படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!... சாவப் போற வயசுல பொய் சொல்ல மாட்டாளாம்மா. அவ சாவுததுக்கு நாள் இருக்கு, எந் தங்கச்சிதான் இங்க...

ஸ்வீட்டு, பெரியம்மா என்ன செய்யுதா?... மொகம் எப்படி இருக்கு?... கத்துதா. கேக்குது, எனக்கே கேக்குது. ஏசுதாளா?... எங்க வீட்ட இடிச்சீயன்னா? யாரு மவன்?... போன சண்டையிலயா செத்தான் அவ மவன்?... ஐயோ, பியூலா, ஒங்க கெழவியும் திருப்பிக் கத்துதாளே! அவ எதுக்குட்டி கத்துதா?... அவ பேரனும் செத்துட்டானா. அது எனக்கும் தெரியும்ட்டி, நீ சொல்லி நானும் அழத்தானே செஞ்சேன். அத இப்பவா பேசணும்? நிப்பாட்டச் சொல்லு! ஸ்வீட்டு, நீ அவள நிப்பாட்டு! எங் கையில இருந்துக்கிட்டா ரெண்டு பேரும் சண்ட போடுதீய...

ஏ கெழவியளா! ரெண்டு பேரும் வாய மூடுங்க! ஒங்க மவன் செத்தான், ஒங்க பேரன் செத்தான், சரி, எந் தங்கச்சி இன்னும் சாவல! அவ உள்ள இருக்கா! சாவியக் குடுங்க! சாவியக் குடுத்துட்டு எத்தன வருசம் வேணும்னாலும் ஏசிக்கிடுங்க!

...

... இல்லம்மா, ஒண்ணுமில்ல. கத்திட்டேன். தண்ணி கொண்டா.

என்ன சொல்லுதா ஸ்வீட்டு?... யாரு கத்துனதுன்னு கேக்காளா. அக்கான்னு சொல்லிட்டியா. சரி... தமிழ்ல கத்துனா அவளுக்கென்ன வெளங்கப் போவுது... வெளங்குச்சாமா?

ம். திருப்பிப் பேசுதாளுவ. கொரலு எறங்கிருச்சு. ரெண்டும் அழுதுன்னு நெனைக்கேன். அழுது தொலைக்கட்டும்.

... என்னட்டி? குடுத்துட்டாளா? சாவி கையில இருக்கா? நல்லாப் பாரு, அந்தச் சாவிதானா? அம்மா, குடுத்துட்டா! சாவியக் குடுத்துட்டாம்மா!... ஸ்தோத்திரமெல்லாம் அவ கீழ எறங்குன பொறவு சொல்லு. ஸ்வீட்டு, ஓடிப் போயிப் போட்டுப் பாரு.

பியூலா, ஒங்க கெழவி என்ன சொல்லி வாங்குனா?... சத்தியமா? என்ன சத்தியம்?... "அந்தப் பிள்ளை ஒன்ன விடாது, எம் பேரன் குழிமேல சத்தியம்"னு சொன்னாளா. யாரக் கேட்டுட்டி பண்ணுனா? தூக்கப் போறது அவளா? மூணு மாடி!

தொறந்துட்டியா? தொறந்துருச்சா! ஸ்வீட்டு... ஸ்வீட்டு, நான் ஒண்ணு சொல்லுதேன், அக்காவத் தப்பா நெனைக்காத. கதவு தொறந்திருக்கு. நீ ஓடிரு. கீழ போயி யாராவது ஆம்பளைய அனுப்பி அவளத் தூக்கச் சொல்லு... அங்க யாரும் இல்லன்னு எனக்கும் தெரியும்! தெரிஞ்சுதான் சொல்லுதேன். எனக்கு அந்தக் கெழவியத் தெரியாதுட்டி, எனக்கு ஒன்னயத்தான் தெரியும். நீ பொறந்தப்போ மொதல்ல கையில வாங்குனவ நான். ஓடு... ஓடுட்டி!

... ம்... கெழவி பாத்துட்டா இருக்கா ஒன்னய?

அம்மா, நீயாவது சொல்லு அவட்ட. இந்தா, பேசு... என்ன சொல்லுத? தூக்கிட்டே வரச் சொல்லுதியா? ஒம் மவளுக்கா சொல்லுத இத?... சரி. ரெண்டு பேரும் ஒண்ணா சேந்துட்டீய. நான் ஒருத்திதான் பாவி.

சரி, சொல்லுதத கேளு. பெட்சீட்ட மடிச்சு விரி. அதுல அவளக் கெடத்தி, தலமாட்டுல புடிச்சு இழு. படியில பைய இழுக்கணும், தல இடிக்காம ஒந் தொடையில தாங்கிக்கோ. லிஃப்ட்டு ஓடலல்லா?... ஆமா. போன அணைக்காத. ரவிக்கைக்குள்ள சொருவிக்கோ. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன். நீ பேச வேண்டாம். பேசுனா மூச்சு வாங்கும்.

பியூலா, வெளிய கொண்டு வந்துட்டா. படியில எறங்குதா. ஒங்க கெழவிட்ட சொல்லு... ஆமா, சத்தியத்தக் காப்பாத்துதான்னு சொல்லு.

... அது அவ மூச்சு. கேக்குதா ஒனக்கு? நான் ரெண்டையும் ஒட்டித்தான் வச்சிருக்கேன்.

கெழவி ஏதோ சொல்லுதா... ஸ்வீட்டு, அவ என்ன முனங்குதா? வலிக்குதாமா?... சரி, பேசாத, பேசாத. எறங்கு. பைய. அவசரப்படாத... இல்ல, வெரசா எறங்கு. ஏட்டி, எனக்கு என்ன சொல்லன்னு தெரியல. நீ எப்படி முடியுமோ அப்படி எறங்கு.

... ம்... ம். அப்படித்தான். வந்துருவ. ஒரு மாடி எறங்கிட்டியா? ம்னு மட்டும் சொல்லு... ம். எம் பிள்ளைல்லா. அம்மா, ஒரு மாடி எறங்கிட்டா...

...

என்னது அது?

என்ன சத்தம்? ஸ்வீட்டு?... ஸ்வீட்டு! ஹலோ! ஹலோ, ஸ்வீட்டு, ம்னு சொல்லு. ம்னு மட்டும் சொல்லுட்டி... அம்மா, தொடாத. போனத் தொடாத. இரு. கத்தாத, கேக்க விடு.

... கட்டாயிருச்சு.

பியூலா? பியூலா, நீ இருக்கியா?... இருக்கியா. ஒனக்கு ஒண்ணும் ஆவலல்லா? அந்தச் சத்தம் கேட்டுதா? எங்கட்டி கேட்டுது?... ரெண்டு போனும் ஒட்டி இருந்துச்சு, எதுல வந்துச்சுன்னு எனக்குத் தெரியல. ஒங்க பக்கமா?... ஒங்க பக்கந்தானே சைரன் அடிச்சிட்டே இருந்துச்சு... நின்னுருச்சா? எப்ப நின்னுச்சு?... கட்டடம் ஆடலயா? கண்ணாடி ஏதும் ஒடையலயா? நல்லாப் பாரு. கதவத் தொறந்து வெளிய பாருட்டி... ஒண்ணுமே விழலயா?

இல்லன்னு சொல்லாத. பியூலா, இல்லன்னு சொல்லாத. ஒங்க பக்கந்தான் விழுந்துச்சுன்னு சொல்லு... சொல்லுட்டி! ஒன் வீட்டு மேலதான் விழுந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லு!

...

பியூலா?... ஏட்டி, நான்... நான் அப்படிக் கேக்கலட்டி. பியூலா, நீயும் எம் பிள்ளைதான். வச்சிராத. பியூலா... ஹலோ... ஹலோ...